என் அம்மாவுக்குப் பச்சை நிறம் கொடுத்த மருத்துவமனைக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் மருத்துவக் குழுவினருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் வைத்து வந்த உங்கள் துண்டறிக்கை என் மேசைமேல் இருக்கிறது. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் இயன்முறை மருத்துவர் நடத்திவந்த முதியோர் நடைப் பரிசோதனை அடுத்த மாதம் முதல் கிடையாது. தரைத்தளத்தில் இருக்கும் கருவியே ‘ஏழே நிமிடத்தில்’ விழும் அபாயத்தைச் சொல்லிவிடும். சுற்றுவட்டக் கிராமங்களுக்கும் அதே கருவி முகாமாக வரும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். நான்கு மாதங்களுக்கு முன்பு அந்தக் கருவி என் அம்மாவையும் பரிசோதித்தது. ‘குறைந்த அபாயம்’ என்று பச்சை நிறத்தில் அறிக்கை தந்தது. பத்தொன்பதாம் நாள் இரவு அம்மா விழுந்தார். இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்தது.

இதுபற்றி உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன். ஒரு முறை பதில் வந்தது. குறைந்த அபாயம் என்றால் விழவே மாட்டார் என்று பொருள் கொள்ளக் கூடாது என்று அதில் எழுதியிருந்தீர்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதியதோ வேறு. அம்மாவுக்கு இருந்த அபாயம் அதிகம், அதை அறிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அன்று உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தன, யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்க்கக்கூடிய ஒரே ஆளையும் எடுத்துவிடப் போகிறீர்கள். அதனால்தான் ஊர் அறிய எழுதுகிறேன்.

அன்று நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அம்மாவுக்கு 78 வயது. கேமராவுக்குக் கால் தெரிய வேண்டும் என்று புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கி இடுப்பில் செருகிவிட்டார் அங்கிருந்த பெண். இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை, அதில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். கைப்பிடி வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் தள்ளி ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஒரு விரிப்பின் மேல் கண்ணைத் திறந்தும் மூடியும் நிற்க வேண்டும். அம்மா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். நடந்து திரும்ப 11.4 விநாடி. திரையில் எலும்புக்கூடு போல ஒரு கோட்டுருவம் அவரோடு சேர்ந்து நடந்ததைப் பார்த்து எனக்கே வியப்பாக இருந்தது.

பிறகு கேள்விகள். கையடக்கத் திரையில் பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. அந்தப் பெண்ணுக்கு வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். “விழுகிற வழக்கமெல்லாம் இல்லைதானே பாட்டி?” என்று கேட்டுக்கொண்டே விரலை ஓட்டினார். அம்மா “இல்லை” என்றார். நானும் இல்லை என்றுதான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஏழு நிமிடம் என்று அவருக்குக் கணக்கு வைத்தது நீங்கள்.

அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள்தான் அம்மா சொன்னார். ஆடி மாதம் கிணற்றடியில் ஒரு முறை, கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை. “அன்றைக்குக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அதெல்லாம் விழுந்ததில் சேர்த்தியா? அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான்” என்றார். சற்று நேரம் கழித்து, “சொன்னால் கொல்லைப் பக்கமே போகவிடமாட்டாய்” என்றார். நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் இப்படிச் சரிந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். விழுந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். கால் தடுமாறியதா, எதையாவது பிடித்துக்கொண்டு இறங்கினீர்களா, தரையிலிருந்து தானே எழ முடிந்ததா, குளியலறைக்குப் போக பயமாக இருக்கிறதா என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டால் சொல்வார்கள்.

இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முதியோர் விழுவதைத் தடுப்பதற்காகப் பல நாட்டு நிபுணர்கள் கூடி 2022-இல் வெளியிட்ட உலக வழிகாட்டுதல், கடந்த 12 மாதங்களில் விழுந்தது உண்டா என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. ஓர் ஆண்டில் இரண்டு முறை விழுந்திருந்தாலே அவர் அதிக அபாயம் உள்ளவர்; முழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. என் அம்மா உங்கள் அறைக்குள் நுழைந்தபோதே அந்த வரிசையில் இருந்தார். அவர் எத்தனை விநாடியில் நடந்திருந்தாலும் அது மாறியிருக்காது.

இன்னொன்று. மார்கழி மாதம் உங்கள் மருத்துவர் ஒருவரே அம்மாவுக்கு இரவில் போட இரண்டாவதாக ஒரு ரத்த அழுத்த மாத்திரையும், தூக்கம் வரவில்லை என்றதால் ஒரு தூக்க மாத்திரையும் எழுதித் தந்தார். அந்தச் சீட்டு உங்கள் கோப்பில்தான் இருக்கிறது. அந்தக் கோப்பு என் மடியில் இருந்தது. நடைப் பரிசோதனை அறையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கருவிக்கு மாத்திரைகளைப் பற்றிச் சொல்ல ஓர் இடமும் இல்லை.

விழுந்த இரவைச் சொல்கிறேன். எங்களுடையது பழைய ஓட்டு வீடு. அம்மாவின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போக அரை அடி உயர நிலைப்படியைத் தாண்டி, தாழ்வாரத்தில் நடந்து, இரண்டு படி இறங்க வேண்டும். மணி மூன்று இருக்கும். எழுந்து நின்றதும் கண் இருண்டது என்கிறார். நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கியிருக்கிறார். புடவை ஓரம் பெருவிரலில் சிக்கியதா, கால்தான் உயரவில்லையா, அவருக்கே தெரியவில்லை. கையில் இருந்த பித்தளைச் சொம்பு முற்றத்தில் உருண்ட சத்தம் கேட்டுத்தான் நான் ஓடிவந்தேன். அம்மா பக்கவாட்டில் கிடந்தார். இடது கால் வலது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. “விளக்கைப் போடாதே, அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்கள்” என்றார்.

வேறொரு மருத்துவமனையில் பாதி இடுப்பு மூட்டை மாற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த மருத்துவர் அம்மாவைக் கட்டிலில் ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்: மேல் அளவு 146. எழுப்பி, வாக்கரைப் பிடித்து நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் மறுபடி பார்த்தார்: 112. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்று சொல்லி, தூக்க மாத்திரையை நிறுத்தவும் இரவு மாத்திரையைக் குறைக்கவும் வழி சொன்னார். அதற்கு அவருக்குத் தேவைப்பட்டது ஒரு கட்டில், ஒரு பழைய ரத்த அழுத்தக் கருவி, சில நிமிடங்கள்.

உங்கள் அறிக்கையால் எங்களுக்கு நேர்ந்த இழப்பு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த பிறகு நான் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துவந்தேன். இரவில் அவர் அசைந்தாலே விழித்துக்கொள்வேன். பச்சை நிறத்தைப் பார்த்த அன்று, இனிக் கவலையில்லை என்று என் அறைக்குப் போய்விட்டேன். அம்மா அந்த அறிக்கையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். படி இறங்கும்போது என் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டார். “மெஷினே சொல்லிவிட்டது” என்பார். பரிசோதனைக்கே போகாமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் கவனமாக இருந்திருப்போம்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவள். கருவிகள்மேல் எனக்குப் பகை இல்லை. இடுப்புப் பட்டையில் இருந்த அந்தச் சின்னப் பெட்டிக்குள் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானியும் சுழற்சியை அளக்கும் உணரியும் இருக்கின்றன. நம் கைப்பேசிகளிலும் அவையே இருக்கின்றன. ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் இடையே உள்ள நேரம் அடிக்கு அடி ஒழுங்கில்லாமல் மாறினால் விழும் வாய்ப்பு கூடும் என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. விநாடியில் நூறில் சில பங்கு வேறுபாடு அது. எந்த மருத்துவரின் கண்ணுக்கும் படாது, உணரிக்குப் படும். இதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் ஓர் அளவை எந்தச் சூழலில் எடுத்தோம் என்று எழுதாவிட்டால் அந்த அளவுக்கு மதிப்பில்லை என்று என் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிறேன். உங்கள் நான்கு பக்க அறிக்கையில் அம்மா நடந்த தரை எப்படிப்பட்டது, வெளிச்சம் எவ்வளவு, புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார்களா, நாற்காலிக்குக் கைப்பிடி இருந்ததா, கடைசி மாத்திரை போட்டு எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது என்று ஒரு வரி இல்லை. காலை பதினொரு மணிக்கு, சமதளத் தரையில், குழல் விளக்குக்குக் கீழே நடந்த பெண்மணியை அளந்தீர்கள். விழுந்தவர் இரவு மூன்று மணிக்குத் தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு நிலைப்படியைத் தாண்டியவர்.

எழுந்து நடந்து திரும்பும் இந்தச் சோதனையை இன்றைய வடிவில் 1991-இல் வெளியிட்டவர்கள் கனடாவின் பொட்சியாட்லோ, ரிச்சர்ட்சன் ஆகிய இருவர். ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும் என்பதுதான் அதன் சிறப்பு. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அபாயம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் கோடு போடுகிறது. நான் மேலே சொன்ன உலக வழிகாட்டுதல் 15 விநாடி என்கிறது. ஆக, கோட்டை மனிதர்கள்தான் போடுகிறார்கள். உங்கள் கருவியின் கோட்டை யார் போட்டார்கள்? எந்த ஊர் முதியவர்களை நடக்கவைத்துப் போட்டார்கள்? அவர்களில் வெறுங்காலோடு நடப்பவர்கள், தரையில் உட்கார்ந்து எழுபவர்கள், புடவை கட்டுபவர்கள் எத்தனை பேர்? உங்கள் வரவேற்பறையில் கேட்டேன். கம்பெனியைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

என் சித்திக்கு 71 வயது. அவருக்கும் உங்கள் கருவி பச்சை கொடுத்திருக்கிறது, 10.9 விநாடி. அம்மாவுக்கு நேர்ந்த பிறகு ஒரு மாலை நேரத்தில் அவரை எங்கள் தாழ்வாரத்தில் அதே மூன்று மீட்டர் நடக்கவைத்தேன், பக்கத்திலேயே கையை நீட்டியபடி. கைப்பிடி இல்லாத முக்காலி. கொசுவம் அதன் இடத்தில். கையில் முக்கால் சொம்பு தண்ணீர். 17 விநாடி ஆனது. இரண்டாம் முறை நடக்கும்போது, “சித்தி, இந்த மாதம் ரேஷனில் என்னென்ன வாங்கினாய்?” என்று கேட்டேன். நடுவழியில் நின்றுவிட்டார். அரிசி, பருப்பு என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைத்தார்.

அந்த நிற்றலுக்கு மருத்துவ உலகில் ஒரு வரலாறு உண்டு. ஸ்வீடனில் முதியோர் விடுதியில் இருந்த 58 பேரோடு ஆய்வாளர்கள் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பேச்சு வந்ததும் 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. கருவி எதுவும் இல்லை. கூட நடந்து, பேசி, கவனித்த ஒருவர் இருந்தார், அவ்வளவே. சித்தியை இப்போது உங்கள் இயன்முறை மருத்துவரிடம் காட்டப் பெயர் பதிந்திருக்கிறேன். முறை வருவதற்குள் நீங்கள் அந்தப் பிரிவையே மூடுகிறீர்கள்.

அந்த மருத்துவரை எனக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் அப்பாவை அவரிடம் அழைத்துவந்திருந்தேன். அப்பா நடக்கத் தொடங்குவதற்கு முன்பே வாசலில் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பை மருத்துவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வலது செருப்பின் குதிகால் பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. “ஐயா, இதை இன்றோடு தூக்கிப் போட்டுவிடுங்கள்” என்றார். கட்டிலின் உயரத்தைக் கேட்டார். இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று கேட்டார். கண்புரை முற்றியிருப்பதைப் பார்த்துக் கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதினார். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்கும் பயிற்சியை எனக்கும் சேர்த்துச் சொல்லித்தந்தார். நாற்பது நிமிடம் ஆனது. அப்பா கடைசிவரை விழவில்லை.

நாற்பது நிமிடத்துக்கு ஒருவர்தான், கருவியால் மணிக்கு எட்டுப் பேரைப் பார்க்கலாம் என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். செலவு உங்களுக்குத்தான் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் அந்த எட்டுப் பேரும் பார்த்த பிறகு எங்கே போவார்கள்? அபாயத்தைக் கண்டுபிடிப்பதே அதைக் குறைப்பதற்காகத்தான். வீட்டோடு வாழும் முதியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் உடற்பயிற்சியும் தந்தால் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைகிறது என்று நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது. அந்தப் பயிற்சியைத் தர வேண்டியவரையே அனுப்பிவிட்டு, அபாயத்தை அளக்கும் கருவியை மட்டும் வைத்துக்கொள்கிறீர்கள். அம்மாவின் அறிக்கையில் கடைசிப் பக்கத்தில் இருந்த அறிவுரை முழுவதும் இதுதான்: ‘தினமும் நடைப்பயிற்சி செய்யவும்.’

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருத்துவமனையில் தங்கியிருக்கும் நோயாளிகள் விழுவார்களா மாட்டார்களா என்று கணிக்கும் மதிப்பெண் முறைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொன்னது. 65 வயதைக் கடந்த எல்லா உள்நோயாளிகளையும் அபாயம் உள்ளவர்களாகவே கொண்டு, ஒவ்வொருவருக்கும் எதைச் சரிசெய்ய முடியும் என்று பார்க்கச் சொன்னது. உங்களுடையது புறநோயாளிப் பிரிவு என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் வீட்டுக் கதையைப் பார்த்த பிறகு, ஒற்றை எண்ணை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கிராம முகாம்தான் எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம், அன்றிலிருந்து கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உலகில் ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்றும், அதில் 80 சதவீதத்துக்கும் மேல் நம்மைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகாம் நடக்கப்போவது கல்யாண மண்டபத்தின் பளிங்குத் தரையில். வந்தவர்கள் திரும்பிப் போவது பாசி பிடித்த கிணற்றடிக்கும், பஸ்ஸின் உயரமான படிக்கும், இரவில் டார்ச் இல்லாத கொல்லைக்கும். அவர்கள் கையில் ஒரு பச்சைச் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் அதை அவர்கள் என் அம்மாவைப் போல நம்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரி கொடுத்த தாள் அல்லவா?

வீடு தேடிப் போவது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். முதியோர் மருத்துவத்துக்கென்று 1978-லேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் தனிப்பிரிவு தொடங்கிய மாநிலம் இது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. எங்கள் தெருவுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் அம்மாவின் நிலைப்படியை முதல் நாளே பார்த்துவிட்டு, “இதற்கு ஒரு கைப்பிடி வையுங்கள் அக்கா” என்றார்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

இயன்முறை மருத்துவரின் செவ்வாய், வெள்ளிப் பரிசோதனையை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். கருவியை அவருடைய அறைக்குள் வையுங்கள். அதன் அளவுகளை அவர் படித்து, நோயாளியைப் பார்த்து, தன் கையெழுத்தோடு முடிவு சொல்லட்டும். ஏற்கெனவே பெயர் பதிந்து காத்திருப்பவர்களை முதலில் பாருங்கள்.

கருவியில் ஏறுவதற்கு முன்பே, விழுந்த வரலாற்றைத் தமிழில், அவசரமில்லாமல், உடன் வந்தவரிடமும் தனியாகக் கேளுங்கள். படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் பாருங்கள். மாத்திரைச் சீட்டைத் திறந்து பாருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் அறிக்கையில் பச்சை நிறம் அச்சாகக் கூடாது. ‘மதிப்பீடு முடியவில்லை’ என்று அச்சாகட்டும்.

‘ஏழே நிமிடத்தில்’ என்ற அந்தத் துண்டறிக்கையைத் திரும்பப் பெற்று, கருவி எவற்றை அளக்கும், எவற்றை அளக்காது என்று அதே நாளிதழ் வழியாக எழுதி வெளியிடுங்கள். அதன் கோடுகள் எந்த மக்களை வைத்துப் போடப்பட்டன என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வரவேற்பறையில் ஒட்டுங்கள். அதுவரை கிராம முகாம்களைத் தள்ளிவையுங்கள்.

கருவி வந்த நாளிலிருந்து பச்சை பெற்றுச் சென்ற ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். அவர்களுடைய எண்கள் உங்களிடம் இருக்கின்றன. அதற்குப் பிறகு விழுந்தார்களா, சரிந்து உட்கார்ந்தார்களா என்று கேளுங்கள். விழுந்தவர்களை உடனே கட்டணம் இல்லாமல் முழுப் பரிசோதனைக்கு வரச்சொல்லுங்கள். பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். அந்த எண்ணிக்கை தெரியாதவரை உங்கள் கருவி சரியாகச் சொல்கிறதா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் அழைப்பு என் சித்திக்கு வரட்டும். இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
78 வயது நோயாளி ஒருவரின் மகள்